பழைய பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம் டிஸ்க்குகளை ஐஎஸ்ஓ (முழு டிஸ்க்கின் நகலான ஒரே ஃபைல்) எடுத்து வைப்பது அவசியமா?

அவசியம்தான். டெல்டா பக்கம், அதுவும் கடலோரம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். உங்களிடம் இருப்பது ஒரிஜினல் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் வாங்கி வந்த டிஸ்க்குகள் மாடி அறையில் ஓர் அட்டைப் பெட்டியில் இருந்தன. 2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயலில் மாடித் தகரம் பறந்துவிட்டது. விழுந்த தென்னைகளைப் பார்த்து வீடே நிற்கும்போது டிஸ்க் என்னாச்சு என்று கேட்க வாய் வருமா? கரண்ட் வந்து, வீடு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் பெட்டியைத் திறந்தேன்.

டிவிடியில் வந்த கேம்கள் பிழைத்துக்கொண்டன. சோப்புத் தண்ணீரில் அலசி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்ததும் ஓடின. அடிப்பக்கம் நீலமாக இருக்குமே, அந்த சிடி கேம் ஒன்றுதான் போனது. கூட வந்த புத்தகம் நனைந்து அதன் மேல்பக்கத்தில் ஒட்டியிருந்தது. உரித்தால் வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்தது. தூக்கிப் பிடித்தால் ஜன்னல் கம்பி தெரிகிறது! சிடியில் தகவல் இருப்பது படம் அச்சடித்த பக்கத்துக்கு ஒட்டினாற்போல. டிவிடியில் இரண்டு தகட்டுக்கு நடுவில். நாமோ அடிப்பக்கக் கீறலுக்கே பயந்துகொண்டிருக்கிறோம்.

கணினியின் சாதாரண டிவிடி டிரைவ் போதும், நகல் எடுக்க இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள் இலவசம். டிவிடி என்றால் ஐஎஸ்ஓ. பாட்டு தனி ட்ராக்காக இருக்கும் பிஎஸ்1 சிடிகளை பின்/கியூவாக (இரண்டு ஃபைலாக வரும் சிடி நகல்) எடுங்கள், ஐஎஸ்ஓவில் பாட்டு வராது. ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் உள்ள பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நிண்டெண்டோவின் வீ (Wii), கேம்கியூப் கேம் டிஸ்க்குகளுக்கு வழியே வேறு.

'இது பைரசி' என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறைப்படி கையில் வைத்திருக்கும் கணினி நிரலுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுக்க இடம் தருகிறது. நான் வக்கீல் இல்லை. எடுத்ததைக் குரூப்பில் போட்டு விநியோகிப்பதை நான் ஆதரிக்கவும் இல்லை.

அப்புறம், 'இந்த வயசுல என்ன கேம்' என்று கேட்கும் சொந்தக்காரர்கள். கல்யாண மண்டப மாடியில் விடிய விடிய காசு வைத்துச் சீட்டாடிவிட்டு, முகூர்த்தத்துக்குக் கண் சிவந்து வந்து நிற்கும் பெரியப்பாவை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நான் வீட்டுக்குள் உட்கார்ந்து என் டிவியில் கிரிக்கெட் கேம் ஆடினால் மட்டும் அம்மாவிடம் போய், பையனுக்கு ஏதாவது பரிகாரம் பாருங்கள் என்கிறார்கள்.