யார் இந்த ருத்ரேஷ் மகந்தப்பா?

கேள்வி: பாடசாலை பாண்டில் சக்ஸபோன் வாசிக்கும் என் மகன் எந்நேரமும் ருத்ரேஷ் மகந்தப்பா என்பவரின் ஜாஸ் இசையையே கேட்டுக்கொண்டிருக்கிறான். நம்முடைய கர்நாடக சங்கீதமும் அதில் இருக்கிறது என்கிறான், உண்மையா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: உண்மைதான் அம்மா, மகன் நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறார். 1971இல் இத்தாலியில் தென்னிந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவின் கொலராடோவில் வளர்ந்தவர் மகந்தப்பா. சின்ன வயதில் அமெரிக்க ஜாஸ் சக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் வாசிப்பில் விழுந்தவர், இன்றுவரை அதிலிருந்து எழும்பவில்லை. பொஸ்டனில் பேர்க்லி இசைக் கல்லூரியில் படித்தார், அப்புறம் சிகாகோ, 1997இல் நியூயோர்க்.

இந்தியப் பெயர் இருந்தால் இந்திய சங்கீதமும் தெரிந்திருக்கும் என்று அங்கே பலரும் நினைத்துக்கொள்வார்கள், ஆனால் இவர் வளர்ந்தது முழுக்க அமெரிக்க இசையில். மாணவராக இருந்தபோது அண்ணன் விளையாட்டாக ஓர் இசைத்தட்டைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். அது கத்ரி கோபால்நாத் சக்ஸபோனில் வாசித்த கர்நாடக சங்கீதம். ஆமாம், 'டூயட்' படத்தில் சக்ஸபோன் வாசித்த அதே கத்ரிதான். அது இவரை உலுக்கிவிட்டது. பிற்பாடு சென்னைக்கே போய் கத்ரியோடு உட்கார்ந்து கற்று, இருவரும் சேர்ந்து 2008இல் 'கின்ஸ்மென்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள், வயலின் ஏ. கன்யாகுமரி, மிருதங்கம் பூவாளூர் ஸ்ரீஜி.

அதில் இருவர் கையிலும் ஒரே வகை சக்ஸபோன், ஆல்ட்டோதான். எது யார் என்று பிரித்தறிவது எப்படி? கத்ரியின் தந்தை நாதஸ்வர வித்துவான். ஆடிவேல் ஊர்வலத்தில் நாதஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு, ஒரு சுரத்தை அப்படியே வழுக்கி அடுத்ததற்குக் கொண்டுபோகும் அந்த வளைவு உடனே பிடிபடும். சக்ஸபோனில் இது லேசில்லை, ஏனென்றால் வயலினில் விரலை இழுப்பது போல இதில் இழுக்க முடியாது, ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனி விசைகள். சுரத்தை வளைத்து அசைக்கும் இந்தக் கமகம், ஊதும் முனையிலுள்ள மெல்லிய நாணல் தகடான ரீட்டை உதட்டால் அழுத்தியும் தளர்த்தியும்தான் பெரும்பாலும் வரவேண்டும். மகந்தப்பாவின் ஒலி கூர்மையாக, சுரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். அவர் கத்ரியைப் போல வாசிக்க முயலவே இல்லை, தன் ஜாஸ் மொழியிலேயே பதில் சொல்கிறார். அதனால்தான் எனக்கு அந்த இசைத்தொகுப்பு இவ்வளவு பிடிக்கும். ஃபியூஷன் என்ற பெயரில் ஒரு ராகத்தை மேலே தூவிவிட்டுப் போகிற வேலைகள் நிறையவே வருகின்றன, இது அந்த ரகம் இல்லை.

கேள்வி: சரி, இதை நம்பிப் பிழைக்க முடியுமா? – அதே வாசகி

பதில்: மகந்தப்பா மேடையை மட்டும் நம்பி இருக்கவில்லை, கற்பிக்கவும் செய்கிறார், 2016இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் துறைக்குப் பொறுப்பேற்றார். கொழும்பில் ஜாஸை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துவது கஷ்டம், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மகனின் வாசிப்பை அதற்காக நிறுத்திவிடாதீர்கள். இயலுமென்றால் ஒரு கர்நாடக வாய்ப்பாட்டு ஆசிரியரிடமும் அனுப்புங்கள், கமகம் முதலில் தொண்டையில் ஏறினால்தான் வாத்தியத்தில் வரும். மகந்தப்பா 2015இல் பார்க்கரின் மெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்துப் புதிதாகக் கட்டிய 'பேர்ட் கால்ஸ்' என்ற இசைத்தொகுப்பு இருக்கிறது, அதை பார்க்கரின் மூல ஒலிப்பதிவுகளோடு மாறி மாறிக் கேட்கச் சொல்லுங்கள்.