ப்ளூ மவுண்டன், இரண்டு நாள், சைவம்

ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டன்ல இரண்டே நாள், ப்ளூ மவுண்டன் உச்சிக்கும் போகணும், சைவம் வேறன்னு கேட்டிருந்தீங்க. முதல் நாளே மலைமேல போய்த் தங்கிடுங்க. சிகரம் 2,256 மீட்டர். உதயம் பார்க்க ராத்திரி 2 மணிக்கே டார்ச்சோட கிளம்பணும். விடிஞ்சு கொஞ்ச நேரத்துல மேகம் மூடிக்கும். ஜமைக்காதானேன்னு ஸ்வெட்டரை விட்டுட்டுப் போனா பல்லு தந்தியடிக்கும்.

சாப்பாட்டுக்கு 'ஐட்டல்' கேளுங்க. ஜமைக்காவுல பிறந்த ராஸ்தாஃபாரி மதத்துக்காரங்க சமையல்: தேங்காய்ப்பால்ல வெந்த பூசணி, பயறு. பெரும்பாலும் உப்பே போடமாட்டாங்க. நான் வெட்கமில்லாம ஊறுகாய் பாட்டிலைத் திறந்துட்டேன். அக்கீ (காய் மாதிரி சமைக்கிற ஒரு பழம்) மட்டும் உஷார், வழக்கமா உப்பு மீனோடதான் வரும். கலலூ தைரியமா சாப்பிடலாம், நம்ம தண்டுக்கீரை ஜாதிதான். அதுலயும் மீன் போட்டிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.