பஞ்சு அடைத்த பெட்டி

பனியன் கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டருங்க. ஃபேன் ஓவென்று இரைகிறது, பத்து நிமிஷத்தில் தானாக அணைந்துவிடுகிறது. பிராசசர் போய்விட்டதா? (திருப்பூர்)

போயிருக்காதுங்க. உங்கள் ஊரில் முதல் சந்தேகம் பஞ்சு மேல்தான். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் தலையில் அலுமினியத் தகடுகள் அடுக்கிய ஹீட்சிங்க் உட்கார்ந்திருக்கும். சூடு அந்தத் தகடுகளில் ஏறும், ஃபேன் காற்று அதை வெளியே தள்ளும். பனியன் பஞ்சு தகடுகளுக்கு நடுவே கம்பளி போர்த்தியதுபோல அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வழி ஏது? சூடு ஏற ஏற ஃபேன் வேகமெடுக்கும், பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காமல் 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் போனால், கருகாமல் இருக்க மெஷினே நின்றுவிடும். நான் திறந்த ஒரு பெட்டியில் விளக்குக்குத் திரி திரிக்கிற அளவுக்குப் பஞ்சு இருந்தது!

கரண்டைப் பிடுங்கிவிட்டு புளோயர் அடியுங்கள். இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கண்டபடி சுற்றி பேரிங் கெடும். ஹீட்சிங்கைக் கழற்றினால் அதற்கும் பிராசசருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவ மறக்காதீர்கள்.

தினமும் காலையில் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது. பேங்க் பக்கமும் திறக்க மாட்டேன் என்கிறது. வைரஸா? (சென்னிமலை)

வைரஸெல்லாம் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் பெரிய சர்க்யூட் பலகையான மதர்போர்டில் காசு மாதிரி ஒரு செல் இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். இது நிஜமான பேங்க் பக்கம்தான் என்று காட்டும் சான்றிதழை பிரவுசர் தேதி பார்த்துத்தான் நம்பும். தேதி சரியானால் அதுவும் திறக்கும்.

மஞ்சள் மண்டியில் லேசர் பிரிண்டரில் பில் போட்டாலே யுபிஎஸ் கத்துகிறது, சில நேரம் கம்ப்யூட்டரும் அணைகிறது. (ஈரோடு)

பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டியது யாருங்க? லேசர் பிரிண்டர் டோனர் பொடியைக் காகிதத்தில் உருக்கி ஒட்டுகிறது. அதற்கு உள்ளே ஒரு உருளை 200 டிகிரியை ஒட்டிச் சூடாக வேண்டும். அயர்ன் பாக்ஸ் போட்டதுபோல ஒரே இழுப்பில் கரண்டை இழுக்கும். சின்ன யுபிஎஸ் அதைத் தாங்காது. பிரிண்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். கம்ப்யூட்டரும் மானிட்டரும் மட்டும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

1 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (பொள்ளாச்சி)

பாவம், அவரை விடுங்கள். டிஸ்க் செய்கிறவர்களுக்கு 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 1024ஆல் மூன்று முறை வகுத்து ஜிபி என்று காட்டுகிறது. போட்டுப் பாருங்கள், 931தான் வரும்.