ஜப்பானில் பெயர்பெற்ற ராமென் (சூப்பில் போட்ட நூடுல்ஸ்) கடைக்குப் போய் வரிசையில் நின்று சாப்பிடுவது அந்தச் சிரமத்துக்குத் தகுமா?

தகும். ஆனால் என்னைப் போல சூப்பை முதலிலேயே குடித்துத் தீர்த்துவிடாதீர்கள்.

ஃபுகுவோகா நகரத்தின் நகாசு பகுதியில் உள்ள, இச்சிரான் என்ற ராமென் சங்கிலிக் கடைகளின் தலைமைக் கடைக்குப் போயிருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல் ஆகியும் நாற்பது நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. முதலில் டிக்கெட் இயந்திரத்தில் பணம் போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். பிறகு ஒரு தாளைத் தருகிறார்கள். சூப் எவ்வளவு அழுத்தமாக வேண்டும், கொழுப்பு எவ்வளவு, பூண்டு எவ்வளவு, நூடுல்ஸ் எந்தப் பதத்தில் வேண்டும் என்று வட்டமிட வேண்டும். ஆங்கிலத் தாளும் உண்டு. மிளகாய்ச் சாந்தை இரட்டிப்பாகக் கேட்டேன். நம் நாக்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இருக்கைதான் விசித்திரம். இரண்டு பக்கமும் பலகைத் தடுப்பு, எதிரே மூங்கில் திரை. திரைக்குப் பின்னிருந்து இரண்டு கைகள் கிண்ணத்தை வைத்தன, ஒரு தலை குனிந்து வணங்கியது, திரை இறங்கிவிட்டது. பரிமாறியவரின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பந்தியில் பக்கத்து இலையை எட்டிப் பார்த்தே வளர்ந்தவனுக்குப் பரீட்சை எழுத உட்கார்ந்ததைப் போல இருந்தது.

சூப் பால் போல வெளுத்திருந்தது. பன்றி எலும்பைத் தளதளவென்று மணிக்கணக்கில் கொதிக்கவிடும்போது கொழுப்பு தனியே மிதக்காமல் நீரோடு கலந்துவிடுவதால் வரும் நிறம் அது. இந்த வகை ராமென் 1937இல் அருகிலுள்ள குருமே நகரத்தில் ஒரு தெருக்கடையில் தொடங்கியது. அப்போது சூப் தெளிவாகத்தான் இருந்ததாம். பத்து ஆண்டுகள் கழித்து அதே ஊரில் வேறொரு கடையில் யாரோ கவனிக்காமல் அதிகமாகக் கொதிக்கவிட்டதில் பிறந்ததுதான் இந்த வெண்மை என்கிறார்கள்.

நான் ரசப் பிரியன். கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டேன். அடியில் ஜப்பானிய எழுத்துகள் தெரிந்தன. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால், இந்த ஒரு சொட்டே உச்ச மகிழ்ச்சி என்ற பொருளில் ஒரு வாசகம். பெருமை தாங்கவில்லை. பசியோ அடங்கவில்லை. ‘கயெதமா’ என்னும் கூடுதல் நூடுல்ஸ் கேட்டேன். அதற்கான பொத்தானை அழுத்தியதும் ஒரு மெட்டு ஒலித்தது. அந்தக் காலத்து ராமென் வண்டிக்காரர்கள் ஊதிய குழலின் மெட்டு. நம் நாகஸ்வரத்தைப் போலவே அதுவும் இரட்டைச் சீவாளிக் குழல் என்று பிறகு படித்தேன். நூடுல்ஸ் வந்தது. வெறும் நூடுல்ஸ். அதை எதில் போடுவது? சூப் முழுவதும் என் வயிற்றில் இருந்தது. தேங்காய்ப்பால் இல்லாத இடியாப்பத்தைத் தின்பதைப் போல அதை விழுங்கிவிட்டு எழுந்தேன்.

கயெதமா எதற்கு என்பதை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். ஃபுகுவோகாவின் நகஹமா மீன் சந்தைத் தொழிலாளர்களுக்கு நின்று சாப்பிட நேரமில்லை. அதனால் சட்டென்று வேகும் மெல்லிய நூடுல்ஸ் போட்டார்கள். மெல்லியது என்பதால் சூடான சூப்பில் சீக்கிரமே குழைந்துவிடும். ஆகவே கொஞ்சமாகக் கொடுத்து, தீர்ந்ததும் புதிதாக வெந்ததை அதே சூப்பில் போடுகிறார்கள். படம் எடுத்துக்கொண்டே ஆற அமரச் சாப்பிடுகிற பண்டமல்ல இது.

சைவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மேலே காய்கறி மட்டும் தெரிந்தாலும் சூப்பில் பெரும்பாலும் எலும்போ மீனோ இருக்கும். டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் டீஸ் டான்டான் என்ற கடை இருக்கிறது; அங்கே எல்லாமே தாவர உணவு.

மறுநாள் இரவு ஆற்றோரத் தெருக்கடை ஒன்றில் எட்டுப் பேரோடு தோள் இடிக்க உட்கார்ந்தேன். ‘பரிகத்தா’ என்றேன், நூடுல்ஸ் நன்றாக விறைப்பாக வேண்டும் என்று பொருள். பக்கத்துப் பெரியவர் சர்ரென்று உறிஞ்சினார். சத்தம் வராமல் சாப்பிடச் சொல்லி வளர்த்த அம்மாவை மனதில் ஒரு ஓரமாக உட்காரவைத்துவிட்டு நானும் உறிஞ்சினேன். பாதி சூப் மிச்சம் இருக்கும்போதே கயெதமாவுக்குக் கை தூக்கிவிட்டேன்.