கதவோரம் நின்றவர்

அன்புள்ள ஐயா,

கிள்ளானில் சிறப்புக் குழந்தைகளுக்கான நிலையமொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற மாதம் கோலாலம்பூரில் குதிரைவழிச் சிகிச்சை, குதிரைவழிக் கற்றல் பற்றிய மூன்று நாள் மாநாட்டுக்குப் போயிருந்தேன். இரட்டைக் கோபுரத்துக்கு அருகே ஓர் ஓட்டலில் இரண்டு நாள் உரைகள். குதிரைக்குக் கண் தெரியாத இடங்கள் இரண்டு உண்டு என்பதையே அங்கேதான் அறிந்தேன். மூன்றாம் நாள் பஸ்ஸில் ஒரு லாயத்துக்கு அழைத்துப்போனார்கள். வட்டத் திடலுக்குள் பன்னிரண்டு பேர் நின்றோம். நான் கதவோரம். அவிழ்த்துவிட்ட வெள்ளைக் குதிரை நேராக என்னிடம் வந்து தோளில் தலையைத் தேய்த்தது. “அது உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது. குதிரை யாரையும் மதிப்பிடாது. அது ஒரு கண்ணாடி” என்றார் பயிற்றுநர். அழுதுவிட்டேன். பிப்ரவரியில் அம்மா போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

உடன் வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். இது அறிவியலா, பணம் பறிக்கும் வேலையா? சான்றிதழ் வகுப்பில் சேரலாமா? தமிழில் இதற்கு நல்ல சொல் என்ன?

ச., கிள்ளான்

*

அன்புள்ள ச.,

‘குதிரைவழிச் சிகிச்சை’ என்று சொல்லை நீங்களே எழுதிவிட்டீர்கள், அதுவே போதும். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அறிவியலா என்று கேட்கிறீர்கள். எது? மூன்று வெவ்வேறு காரியங்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள். ஆசிரியை இப்படிச் செய்யலாமா? இயன்முறை மருத்துவர் ஒருவர், பெருமூளை வாதம் வந்த குழந்தையைக் குதிரைமேல் அமர்த்தி நடக்கவிடுவது ஒன்று. நடக்கும் குதிரையின் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைகிறது. அது குழந்தையின் இடுப்பை ஏறக்குறைய மனிதர் நடக்கும் விதத்திலேயே அசைக்கிறது. உடலை நிமிர்த்திப் பிடிக்கவும் சமநிலைக்கும் அது உதவுவதாக ஆய்வுகள் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்குச் சவாரி கற்றுத்தருவது வேறு. மேலே ஏறாமல் பக்கத்தில் நின்று மனத்தைப் பற்றிப் பேசுவது மூன்றாவது. நீங்கள் அழுதது இந்த மூன்றாவதில். அங்கே ஆய்வுகள் சிறியவை, உற்சாகம்தான் பெரியது. முதலாவதின் சான்றைக் காட்டி மூன்றாவதை விற்பவரைக் கண்டால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. ‘மதிப்பிடாது’ என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்களே, அதற்காக.

குதிரை மதிப்பிடாமல் ஒரு நொடியும் இருப்பதில்லை. பிற விலங்குக்கு இரையாகிப் பழகிய இனம் அது. வருவது யார், கையில் என்ன, மூச்சு எப்படி என்று அளந்துகொண்டே இருந்ததால்தான் இன்றுவரை பிழைத்திருக்கிறது. பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கணக்குப் போடும் குதிரை என்று கூட்டம் அலைமோதியது. ஐந்தும் மூன்றும் எவ்வளவு என்றால் குளம்பால் எட்டு முறை தட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் 1907-இல் குட்டை உடைத்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவர் அறியாமலே மயிரிழை அசைகிறது. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்துகிறது. அதனால் ஹான்ஸை முட்டாள் என்றார்கள். எனக்கு என்னவோ கணக்குப் போடுவதைவிட இதுதான் பெரிய வித்தையாகத் தோன்றுகிறது. இப்பேர்ப்பட்ட உயிரையா கண்ணாடி என்கிறீர்கள்? கண்ணாடிக்குக் கால் வலிக்குமா? அரிப்பெடுக்குமா? கடிவாளம் பட்டு வியர்த்த தலையைக் குதிரை கிடைத்த தூணில் தேய்க்கும், கிடைத்த ஆள்மேலும் தேய்க்கும். அன்றைக்கு நீங்கள் தூணாக இருந்திருக்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் பெரியப்பா பினாங்கில் குதிரைக்காரர், பந்தயக் குதிரைகளைப் பராமரிப்பவர். சைஸ் என்பார்கள். பத்து கந்தோங் பந்தயத் திடலையொட்டி வாழ்ந்த குடும்பம் அது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து போவார். போனதும் செய்யும் முதல் வேலை, பிடரி மயிருக்கு அடியில் கைவிட்டுப் பார்ப்பது. குளிர்தேசத்துக் குதிரைகள் சில, நம் புழுக்கத்தில் கொஞ்ச நாள் இருந்தபின் வியர்ப்பதையே நிறுத்திவிடும். பிறகு ஓடினால் உடல் கொதித்து விழுந்துவிடும். எந்தக் குதிரைக்கு வேர்வை குறைகிறது என்று மருத்துவருக்கு முன்பே அவர் கைக்குத் தெரியும்.

எனக்கு ஒன்பது வயது. மதியச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோனேன். ஆசையாக ஒரு குதிரையின் நெற்றிக்கு நேர் எதிரே போய் நின்று கையை உயர்த்தினேன். அது மிரண்டு விலகியது. குளம்பு என் வலது காலில் இறங்கியது. பெரியப்பா ஓடிவந்தார். அதை நகர்த்தினார். பிறகு குனிந்து, குதிரையின் காலைத் தடவிப் பார்த்தார். என் காலை அல்ல. “ஒன்றுமில்லை ராசா, ஒன்றுமில்லை” என்றார், அதனிடம். என் பக்கம் திரும்பியபோது அவர் கேட்டது, “அதற்குக் கண் தெரியாத இடத்தில் நீ ஏன் போய் நின்றாய்?”

நீங்கள் ஓட்டல் மண்டபத்தில் கட்டணம் கட்டித் தெரிந்துகொண்டதை நான் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அந்த நகம் இன்றும் கோணலாகத்தான் வளர்கிறது.

குதிரைக்குப் பக்கத்தில் நின்றால் மனம் ஆறும் என்றால் எங்கள் பெரியப்பா ஞானியாகியிருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் நின்றாரே. வீட்டில் பேசமாட்டார், மாலையில் குடிப்பார். அவர் இறந்தபோது அண்ணன் என்னிடம் சொன்னான்: “அப்பா என்னைத் தொட்டது எத்தனை முறை என்று விரல்விட்டு எண்ணிவிடுவேன்.” ஒரு மணி நேரம் ஒரு குதிரையின் முழங்காலை நீவிவிடும் கை அது. எண்ணெய் போட்டு, வட்டமாக, அவசரமில்லாமல். 1864-இல் தொடங்கிய பினாங்குப் பந்தயக் கழகம் 2025-இல் பந்தயத்தை நிறுத்திவிட்டது என்று செய்தி வந்ததிலிருந்து அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

இரட்டைக் கோபுரம் நிற்கும் அந்த நிலமே பழைய பந்தயத் திடல்தான், தெரியுமா? சிலாங்கூர்க் குதிரைகள் சுங்கை பெசி பக்கம் போவதற்குமுன் அங்கேதான் ஓடின. அங்கேயும் எத்தனையோ குதிரைக்காரர்கள் இருந்திருப்பார்கள். மாநாட்டு உரைகளில் யாராவது அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்களா? லிஸ் ஹார்ட்டலைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் பெண், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வாங்கியவர். இந்தச் சிகிச்சை பரவியதற்கு அவரும் ஒரு காரணம். அவரைக் குதிரைமேல் ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளின் பெயர் என்ன என்று நாம் கேட்பதில்லை.

உங்கள் கடிதத்தின் முழு வடிவத்தை இங்கே வெட்டித்தான் போட்டிருக்கிறேன். நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். குதிரையின் நிறம் இருக்கிறது, பயிற்றுநரின் தொப்பி இருக்கிறது, ஓட்டலின் பகலுணவுகூட இருக்கிறது. குதிரையைத் திடலுக்குக் கொண்டுவந்து கயிற்றை அவிழ்த்துவிட்டவர் எங்கே? அது தானாக பஸ் பிடித்து வந்ததா? திருப்பெருந்துறைக் கதையில் நரிகளைப் பரியாக்கி மதுரைக்கு ஓட்டிவந்த ஈசன் குதிரைச் சேவகனாகத்தான் வந்தான். நம் ஆட்கள் குதிரையைக் குருவாக்கிவிட்டார்கள், சேவகனைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டார்கள்.

ஆம், கதவுக்கு வெளியே. அவிழ்த்துவிட்ட ஆள் வேறெங்கே நிற்பார்? நீங்களும் கதவோரம்தான் நின்றீர்கள். தினமும் தீனி போடும் கையைத் தேடிக் குதிரை கதவை நோக்கி வந்தது, வழியில் நீங்கள் இருந்தீர்கள். இப்படியும் இருக்கலாம் அல்லவா?

வகுப்பில் சேருவதா என்பதை அப்புறம் பார்க்கலாம். ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் அந்த லாயத்துக்குப் போங்கள். சாணி அள்ளும் நேரம். அந்த ஆளின் பெயரைக் கேளுங்கள். அந்த வெள்ளைக் குதிரை வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கிறது, அதற்கு என்ன பிடிக்காது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை உங்கள் பயிற்றுநர் அறிந்திருக்கிறாரா என்று பாருங்கள். அறிந்திருந்தால் பணத்தைக் கட்டுங்கள்.

அப்புறம், அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான்கு பக்கத்தில் ஒரு வரி. குதிரையை விடுங்கள், அவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். அதை இந்தத் தளத்தில் வெளியிடமாட்டேன். பதிலைத் தபாலில் போடுகிறேன். முகவரியைக் குறிப்பிட மறக்காதீர்கள், சென்ற முறை மறந்துவிட்டீர்கள்.