துடுப்பில் கேட்ட பாட்டு

அன்புள்ள அண்ணா,

1981இல் எனக்கு எட்டு வயது. ஒரு பறுவ இரவு, முழுநிலவில், அம்மப்பா என்னைத் தோணியில் ஏற்றி மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்துப் பக்கம் கொண்டுபோனார். துடுப்பை வாவிக்குள் இறக்கி, மேல் நுனியில் காதை வைக்கச் சொன்னார். மீன் பாடியது. வீணை மாதிரியே இருந்தது. போன மாதம் கடைசி மகளோடு அதே இடத்துக்குப் போய் அதேபோல் கேட்டேன். ஏதோ பொரிவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். இத்தனை வருடமாக எல்லாருக்கும் பொய்யா சொல்லித் திரிந்தேன்?

ஒரு வாசகர், கல்லடி

அன்புள்ள தம்பி,

பொய் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் 'வீணை' என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லை யார் கொடுத்தது?

தண்ணீருக்குள் எழும் சத்தத்தில் மிகப் பெரும்பகுதி மேற்பரப்பைத் தாண்டாமல் உள்ளேயே திரும்பிவிடும். அதனால்தான் துடுப்பு வேண்டும். மரம் அந்த அதிர்வை நேரே காதுக்குக் கொண்டுவருகிறது. உட்காதில் உள்ள மயிர்க்கலங்கள் அதை நரம்புச் சைகையாக மாற்றுகின்றன. இதுவரை நடப்பது புலனுணர்வு. வந்தது பாட்டா பொரிச்சத்தமா என்று மூளை முடிவெடுப்பதுதான் புலக்காட்சி. அந்த முடிவுக்கு அது ஏற்கெனவே பழகியதைத்தான் துணைக்கு எடுக்கும்.

1848இல் மட்டக்களப்பு வாவியில் இதைக் கேட்ட எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேய ஆட்சி அதிகாரி, மதுக்கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும்போது எழும் ஒலி போல என்று எழுதினார். அவர் பழகிய ஒலி அது. நம் மீனவர்களோ அது மீனே இல்லை, ஊரி என்ற நத்தை வகை என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரே வாவி, எத்தனை காது பாருங்கள்! உங்கள் அம்மப்பா தோணியில் ஏறும் முன்பே 'மீன் பாடும், வடிவாகக் கேள்' என்று சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அன்று அவர் உங்களுக்குக் கேட்கவே கற்றுக்கொடுத்திருக்கிறார்.

சரி, காதும் மாறியிருக்கும். வயது போகப் போக உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் விடுபடும். பாலத்து வாகன இரைச்சல் வேறு மெல்லிய சத்தத்தை மூடிவிடும்.

இனி ஞாபகம். இங்கிலாந்து உளவியலாளர் பார்ட்லெட், ஒரு வட அமெரிக்கப் பழங்குடிக் கதையைப் பலருக்கு வாசிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். 1932இல் அதை நூலாக வெளியிட்டார். கதையில் இருந்த பழங்குடித் தோணி அவர்கள் எழுத்தில் சாதாரணப் படகாகிவிட்டது. கடல்நாய் வேட்டை மீன்பிடியாகிவிட்டது. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தங்களுக்குப் பழக்கமானதை வைத்துக் கதையைத் திரும்பக் கட்டினார்கள். நீங்களும் நாற்பது வருடத்துக்கு மேலாக அந்த இரவைச் சொல்லிச் சொல்லித் திரும்பக் கட்டியிருக்கிறீர்கள். வீணை அன்றே வந்ததா, பிறகு யாருக்கோ கதை சொல்லும்போது வந்து ஒட்டிக்கொண்டதா என்று இனி உங்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் அந்த இரவு உங்களுக்கு இல்லாமல் போய்விடாது. நிலவும் துடுப்பும் பக்கத்தில் இருந்த அம்மப்பாவும் சேர்ந்துதானே அந்தப் பாட்டு.

மகளுக்கு என்ன கேட்டது என்று நீங்கள் எழுதவேயில்லை. அடுத்த பறுவத்துக்கு, சந்தடி அடங்கிய பிறகு இன்னொருக்காப் போங்கள். பாட்டு, மீன், வீணை எதையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். 'என்ன கேட்குது மகள்?' என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்வதை அவளுடைய சொல்லிலேயே அன்றிரவே எழுதி எனக்கும் அனுப்புங்கள்.