தம்பி ஓட்டி இடிச்ச காடிய (காரை) இன்சூரன்ஸ்ல செய்யக் குடுத்தா, ஒர்க்ஷாப்ல 400 ரிங்கிட் ஏன் கேக்குறாங்க?
அந்த 400ல ஒர்க்‌ஷாப்காரங்க உங்கள ஏமாத்தல அண்ணே, அது இன்சூரன்ஸ் எக்ஸஸ், அதாவது கிளைம் பண்ணும்போது நம்ம கைல இருந்து கட்ட வேண்டிய பங்கு. நீங்க மெல்பர்ன்ல இருக்கீங்க, சுங்கை சிப்புட்ல உங்க மைவி காடிய தம்பிதான் ஓட்டுறாரு, ஆனா பாலிசில அவரு பேரு இல்லாம இருந்திருக்கும், அதான்.

பாலிசிய தொறந்து ஓட்டுறவங்க பேரு போட்ட பக்கத்த பாருங்க, உங்க பேரு மட்டும்னா ஏஜெண்டுக்கு வாட்சப் பண்ணி தம்பிய சேர்க்கச் சொல்லுங்க, இனிமே நடக்குறதுக்கு உதவும். ஆனா பி லைசன்ஸ் (புதுசா ஓட்டுறவங்களுக்குக் குடுக்குற தற்காலிக லைசன்ஸ்), இல்ல 21 வயசுக்குக் கீழன்னா பேரு இருந்தாலும் கட்டணும்.

கிளைம் பண்றதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க, 55 சதவீத என்சிடி (கிளைம் பண்ணாம இருந்ததுக்குக் கெடைக்குற பிரீமியத் தள்ளுபடி) வச்சிருந்தா ஒரே கிளைம்ல சைபராயிடும், செம்பனத் தோட்டத்து மண் ரோட்டுல பம்பர் மட்டும் ஒடஞ்சதுன்னா கைக்காசு போட்டு செஞ்சிடுறதுதான் நல்லது.

ரெண்டு வருசம் வரமாட்டோம்னு இன்சூரன்ஸ விட்டுறாதீங்க, அது இல்லாம ரோட்டெக்ஸ் (சாலை வரி) எடுக்க முடியாது, தம்பி அம்மாவ வேற ஏத்திட்டுப் போறாரு.